ஆறு வயசுக்கு மேல்

அக்காவோடு ஒரு தரம் காய்கறி வாங்கப் போனவர்கள் மறுதரம் போக மாட்டார்கள். புதுவாயல் கூட்டு ரோட்டில் சாயங்காலம் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். அக்கா மட்டும் ஒரு வெண்டைக்காயை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுனியை உடைத்து, அதற்கப்புறம்தான் அடுத்த காயைத் தொடுவார். கால் கிலோவுக்குக் கால் மணி நேரம். "இன்னாம்மா, காய் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று வண்டிக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான். பாக்காம எட்துகினு போனா அப்பால நாமதான் அவஸ்தப் படணும்" என்றார் அக்கா. அடுத்த காயை எடுத்தார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு, யாரோ எவரோ போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் லைனில் வேலை. அக்கா லைனின் கடைசியில், தரம் பார்க்கிற மேஜையில். நாங்கள் செய்தது சரியா தப்பா என்று சொல்வது அவர் வேலை. சரியென்றால் பச்சை அட்டை, தப்பென்றால் சிவப்பு அட்டை. சேர்ந்தாற்போல் வருகிற ஒரு தொகுதிச் சரக்குக்கு லாட் என்று பேர். பல வருஷமாக அதையே செய்ததில் அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. இட்லியைப் பிட்டு உள்ளே பார்ப்பார். பஸ் டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஆடி மாசம் எங்களோடு பெரியபாளையம் வந்தபோது அம்மனுக்கு உடைக்க வாங்கிய தேங்காய்களைக் காதோரம் ஆட்டிப் பார்த்து மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். "சாமிக்குத்தானம்மா" என்றாள் கடைக்காரி. "சாமின்னா அழுகல குடுக்கலாமா?" என்று கேட்டார் அக்கா. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று புதிதாக வேலைக்கு வந்த பெண் யாராவது கேட்டால், "மூணு லாட் வந்துச்சி. மூணும் ரிஜெக்ட்" என்பார். அந்தப் பேச்சு அதற்கு மேல் நகராது.

பேரை நான் எழுதப் போவதில்லை. லைனில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதையும் எழுதப் போவதில்லை. அவருக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். எல்லோருக்கும் அக்கா. கம்பெனியில் நான் அவரை "நீங்க" என்பேன், வீட்டுச் சந்துக்குள் வந்துவிட்டால் "நீ". எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். மிக்ஸி ஓடினால் அந்தப் பக்கம் கேட்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அக்காவைப் புரியாது. எங்கள் மாதிரி கம்பெனிகளில் டீவியேஷன் என்று ஒரு தாள் உண்டு. பொருளில் சின்னக் குறை இருக்கிறது, ஆனால் அவசரம், லாரி வாசலில் நிற்கிறது. மேலே இருக்கிறவர்கள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அனுப்பிவிடலாம். போனால் போகிறது என்று நாம் வாயால் சொல்வதை அங்கே தாளில் எழுதுவார்கள், அவ்வளவுதான். அந்தத் தாளில் தரம் பார்க்கிறவர் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் இருக்கும். அக்கா ஒரு தடவைகூட அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. இதனால் அவரை மதித்தவர்கள் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காராதவர்கள் அதைவிட அதிகம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனிக்குள் குடும்பத்தோடு போகலாம். மெஷின்களுக்குக் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பிள்ளைகளுக்குப் பொரிகடலைப் பொட்டலம் கொடுப்பார்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய பூஜையில் ஹெச்.ஆர். சார் புதிதாக ஒன்று செய்தார். கேன்டீன் மூலையில் பெரிய டிவி வைத்து, அதில் ஒரு வீடியோ கேமை மாட்டினார். உலகமெல்லாம் பேர்போன கம்பெனியின் விளையாட்டு. பேரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அட்டைப் பெட்டியில் அப்பா, அம்மா, தாத்தா, பேத்தி எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து சிரிப்பார்கள். டிவியிலோ பன்றிக்குட்டி, வாத்து, முயல் எல்லாம் பொம்மை வண்டி ஓட்டிக்கொண்டு பனிமலைச் சாலையில் பந்தயம் விடும். சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது: குழந்தைகளுக்கு மட்டும்.

அப்பாக்கள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா வேடிக்கை பார்ப்பது போல் நின்றார்கள். அவர்கள் கட்டைவிரல்கள் பின்னால் துடித்ததை நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விரலும் சேர்த்திதான். கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அக்கா மட்டும் பொரிகடலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், இடுப்பு உயரப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக நின்றார்.

"மேடம், இது சின்னப் பசங்களுக்கு" என்றார் ஹெச்.ஆர். சார், சிரித்துக்கொண்டேதான்.

அக்கா அட்டைப் பெட்டியை எடுத்தார். வெண்டைக்காய் மாதிரியே ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் விரல் வைத்தார்.

"ஆறு பிளஸ்ன்னு போட்டுக்கீது சார். லோயர் லிமிட் குட்துக்கீறான். அப்பர் லிமிட் குடுக்கல. எனக்கு நாப்பத்தி நாலு. நானு ஸ்பெக்குக்குள்ளதான் வரேன்."

சார் பெட்டியை வாங்கிப் பார்த்தார். ஸ்பெக் என்று எழுத்தில் போட்டிருக்கிற வரம்பைக் காட்டிவிட்டால் எங்கள் கம்பெனியில் மறுபேச்சு கிடையாது. அக்கா ஆடினார். முதல் ஆட்டம் தோற்றார். வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார். நாலு தடவை தோற்று நாலு தடவை நின்றார். ஒரு முறைகூடச் சிரித்து மழுப்பவில்லை, "எனக்கு எங்க இதெல்லாம்" என்று சொல்லவில்லை. ஐந்தாவது தடவை எதிரே ஆடியது மேனேஜரின் பையன். மேனேஜர் பின்னாலேயே நிற்கிறார். எங்கள் எல்லோருக்கும் தெரியும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்று. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். கடைசித் திருப்பத்தில் அந்தப் பையனைத் தாண்டி ஜெயித்துவிட்டு, "நல்லா ஓட்ன. பிரேக்கு லேட்டா புடிக்கிற" என்று அவனிடம் சொன்னார். மேனேஜர் சிரித்தார், ஆனால் பல் மட்டும்தான்.

அந்தத் தீபாவளிக்கு ஊரே புடவையும் சங்கிலியும் வாங்கியது. அக்கா அந்த விளையாட்டு டப்பாவை வாங்கினார்.

சந்து முழுக்க ஒரே பேச்சு. கழுதை வயசாகுது, இன்னும் பொம்மை கேக்குது என்றார்கள். நானும் சொன்னவள்தான், மறைத்து என்ன? பிள்ளை இல்லாத குறைக்கு என்று ஒருத்தி பரிதாபப்பட்டாள். அது இன்னும் மோசம். அக்கா எதற்கும் காது கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி டிவிக்கு முன்னால் குந்துவார். எப்போதும் பன்றிக்குட்டிதான் அவர் வண்டி. ஏன் அது என்று கேட்டேன். "அதுக்குதான் திருப்பத்துல சறுக்கல் கம்மி. எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டேன்" என்றார்.

இது சின்னவர்களுக்கா பெரியவர்களுக்கா என்று என் வீட்டுக்காரரே ஒருநாள் அவரிடம் நேரில் வாதம் பண்ணினார். வாத்து, முயல், பலூன், இதெல்லாம் பார்த்தாலே தெரியவில்லையா என்றார்.

"கலரு புள்ளைங்களுக்கு. ரோடு பெரியவங்களுக்கு. நீயே ஓட்டிப் பாரு" என்று கருவியைக் கையில் கொடுத்தார் அக்கா. பனிமலைச் சாலையின் மூன்றாவது திருப்பத்தில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. என் வீட்டுக்காரர், நெடுஞ்சாலையில் தினமும் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அங்கே மூன்று தடவை கவிழ்ந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த வாதத்தைப் பண்ணவில்லை. எனக்குத் தெரியாமல் இரண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போய் ஆடிவிட்டு வந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை என் மகள் மோனியால் வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. அக்காவைப் பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் அங்கே ஓடுவாள். தினமும் தோற்றுப்போய் அழுதுகொண்டு வருவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் மறுபடி போவாள். ஒருநாள் விக்கி விக்கி அழுதபடி வந்தாள். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். நேரே போய்க் கேட்டேன்.

"ஏன்க்கா, கொழந்தைக்கு ஒரு ஆட்டம் விட்டுக்குட்தா உனக்கு இன்னா கொறஞ்சிடும்?"

அக்கா ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒண்ணும் கொறயாது. ஆனா அது புத்திசாலிப் புள்ள. நாளிக்கி ஒருநாள் கண்டுபுடிச்சிடும். அன்னிக்கி அதுவா ஜெயிச்சதுகூட ஜெயிச்சதா இல்லியான்னு தெரியாமப் போயிடும். மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு ஆயிடும்."

பெற்ற பிள்ளை இருந்தால் இப்படிப் பேச வருமா என்று அன்று மனசுக்குள் திட்டினேன். வாய்வரை வந்தது. எப்படியோ விழுங்கிவிட்டேன். இன்றைக்கு நினைத்தால், விழுங்கியதற்கு அந்தப் பெரியபாளையத்தாளுக்குத்தான் கும்பிடு போட வேண்டும்.

அடுத்த சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வீஸ் ரோட்டில் கொட்டியிருந்த மணலில் எங்கள் ஸ்கூட்டர் சறுக்கியது. வீட்டுக்காரருக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கை வந்தது, கட்டைவிரல் வரவில்லை. மடங்குகிறது, ஆனால் அழுத்தினால் பலமில்லை. தீப்பெட்டியைக்கூட ஒழுங்காகத் தள்ளித் திறக்க முடியவில்லை.

எங்கள் வேலையே கட்டைவிரலில்தான் இருக்கிறது. ஒயர் முனையை அதன் கூட்டுக்குள் கட்டைவிரலால் தள்ள வேண்டும். 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். பிறகு பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, டிக், இழு. ஒரு ஷிப்ட்டில் எத்தனை ஆயிரம் தடவையோ. நான் கான்ட்ராக்ட் ஆள். மெடிக்கல் லீவு முடிந்து திரும்பும்போது ஒரு டெஸ்ட் வைப்பார்கள். அரை மணிக்குள் முப்பது கூடு. தேறாவிட்டால் கான்ட்ராக்டர் வேறு பெண்ணை அனுப்பிவிடுவார். பத்தாவது ஃபெயிலான எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. அந்த லைனில் என்னை ஒருத்தரும் சளைத்தவள் என்று சொல்ல மாட்டார்கள். என் வேகத்துக்குப் பேர் உண்டு. அதை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

டெஸ்டைப் பார்க்கிறவர் அக்கா. அதனால் எனக்குப் பயமில்லை. ஒரே சந்து, ஒரே சுவர், நான் வைத்த மீன் குழம்பில் பாதி அந்த வீட்டில்தான் இருக்கும்.

நேரத்துக்குள் முப்பதையும் முடித்துவிட்டேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து இழுத்தார். பதினேழாவதில் ஒயர் உருவிக்கொண்டு கையோடு வந்தது. இருபத்தி நாலாவதிலும் வந்தது. இரண்டையும் தனியாக வைத்தார்.

"முப்பதுல ரெண்டுதானே மேடம், டீவியேஷன்ல போட்டுடலாம். நான் சைன் பண்றேன்" என்றார் ஹெச்.ஆர். சார். நல்ல மனுஷன்.

"நீங்க பண்ணுங்க சார். நான் பண்ண மாட்டேன்" என்றார் அக்கா. "ரெண்டு வண்டி நடுரோட்டுல லைட் எரியாம நிக்கும். அதுல யாரு கீறாங்களோ."

சிவப்பு அட்டையை எடுத்து எழுதினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தார்: மூன்று வாரம் கழித்து மறு டெஸ்ட். சார் அதற்குச் சம்மதித்தார். அந்த ஒரு வரிக்காக அக்கா அவரிடம் தனியாகப் போய் அரை மணி நேரம் நின்றார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு மட்டும்தான். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் பாத்திரத்தை எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து டமார் டமாரென்று வைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே கதவைத் தட்டினார்.

"ஆட வரியா? ஆளில்லாம பேஜாரா கீது."

"என் கை லட்சணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான்தானே ரிஜெக்ட்டு பண்ணேன். வரியா இல்லியா?"

ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த அம்மாவை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும் என்கிற ஆத்திரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த விளையாட்டில் வண்டி ஓட, வலது கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று சுற்று முடிகிறவரை. திருப்பத்தில் விட்டு, உடனே மறுபடி அழுத்த வேண்டும். முதல் நாள் ஒரு சுற்றுகூட என்னால் முடியவில்லை. விரல் நழுவியது, வாத்து நடுரோட்டில் நின்றது. பன்றிக்குட்டி ஒரு சுற்று முழுக்கச் சுற்றிவந்து என் வாத்தை மறுபடியும் தாண்டிப் போனது. மோனிக்குத் தாங்கவில்லை.

"பெரிம்மா, இதுல புதுசா ஆடறவங்களுக்கு ஹெல்ப்பு ஒண்ணு கீது. அம்மாவுக்கு அத போட்டு உடு. வண்டி தானா திரும்பும்."

"தானா திரும்புனா அப்பால உங்கம்மா எதுக்கு?" என்றார் அக்கா.

கைக்கு நல்லது, விரலுக்குப் பயிற்சி என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. பாவம் என்று ஒரு பார்வை வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. அதை அழுத்தினால் யாரையும் ஜெயிக்க முடியாதே. இங்கே தினமும் தோற்றேன். தோற்று, வீட்டுக்கு வந்து, அரிசி களையும்போதும் மூன்றாவது திருப்பத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வாரக் கடைசியில் ஒரு சுற்று முழுக்க விரல் நின்றது. இரண்டாம் வாரம் இரண்டு சுற்று. மூன்றாம் வாரம் பள்ளத்தாக்கில் விழாமல் வந்தேன். அக்கா ஒரு அங்குலம் விடவில்லை. நான் நெருங்கினால் அவர் இன்னும் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

மறு டெஸ்டுக்கு முந்தின நாள் நான் ஜெயித்தேன். கடைசி நேர்ச் சாலையில் இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு வந்தன. கோட்டைத் தாண்டும்போது வாத்தின் மூக்கு முன்னால் இருந்தது. மோனி கட்டிலில் ஏறிக் குதித்தாள். அக்கா டிவியையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு "ம்" என்றார். டப்பாவை அணைத்தார், ஒயரைச் சுற்றினார், "நாளிக்கி சீக்கிரம் வா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் முப்பதும் நின்றது. ஒவ்வொன்றையும் அக்கா வழக்கத்தைவிட அழுத்தி இழுத்ததாக எனக்குத் தோன்றியது. ஒன்றும் உருவவில்லை. பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டார். சார் கை தட்டினார். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை.

"நேத்து நீங்க விட்டுக்குட்தீங்களே அக்கா, அதுலதான் எனக்கு தைரியமே வந்துச்சி."

அக்கா பேனாவை மூடினார். "நானு விட்டுக்குட்தேனா?"

"பின்ன? மூணு வாரமா ஜெயிச்சிகினு இருந்த ஆளு, கரெக்டா நேத்து பாத்து..."

அவர் அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தமே இல்லை. என்னை ஆடக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். நன்றி சொல்லப் போய் இப்படி ஆயிற்றே என்று எனக்கும் வீம்பு. பிறகு தானாகச் சரியானது, மீன் குழம்பு அந்தப் பக்கம் போயிற்று, டப்பா மறுபடி ஓடியது. ஆனால் அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

எனக்குள் மட்டும் ஒரு முள் தங்கிவிட்டது. விளையாட்டில் விட்டுக்கொடுத்திருந்தால், மறுநாள் பச்சை அட்டையும் அப்படித்தானா? கடைசியில் எனக்காக ஒரு டீவியேஷன் போட்டுவிட்டாரா? லைனில் ஒவ்வொரு ஒயரையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். என் வேகம் குறைந்தது. யாரிடமும் சொல்ல முடியாது. கண்டுபிடிக்கிற அன்றைக்கு மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆகிவிடும் என்று அவர் சொன்னது மோனிக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் கம்பெனி ஓசூர் பக்கம் புதுக் கிளை திறந்தது. அக்காவை அங்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்த அன்று அந்த டப்பாவை எங்கள் வீட்டில் வைத்தார். கைப்பிடியில் ஒரு பச்சை அட்டை கட்டியிருந்தது. அவருடைய குண்டு குண்டு எழுத்து. பொருள்: விளையாட்டு டப்பா. குறை: இடது பட்டன் கொஞ்சம் லூஸ். லிமிட்: ஆறு வயசுக்கு மேல். "பாப்பாவுக்குக் குட்துட்டாங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். யாருக்கு என்று அட்டையில் போடவில்லை. கம்பெனி அட்டையில் அந்தக் கட்டம் கிடையாது.

போன மாசம் மழைக்கு ஸ்கூல் லீவு. எனக்கு இரண்டாம் ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தேன். அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருக்கும்போது மோனி கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வாயேன். பெரிம்மாவோட ரெக்கார்டு எல்லாம் இதுல கீது."

எந்தச் சாலையில் எந்த வண்டி எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று அந்த டப்பா தானாகவே எழுதி வைத்துக்கொள்கிறதாம், தேதியோடு. இத்தனை நாள் எனக்குத் தெரியாது. பனிமலைச் சாலைப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். மேலிருந்து கீழே ஒரே பன்றிக்குட்டி. வரிசையாகப் பன்றிக்குட்டி. முதல் இடத்தில் மட்டும் ஒரு வாத்து.

"வாத்து யாருமா? நான் முயல்தானே ஓட்டுவேன்."

வாத்துக்குப் பக்கத்தில் இருந்த தேதியை எனக்கு மறக்குமா? மறு டெஸ்டுக்கு முந்தின நாள். அதற்குக் கீழே, இரண்டாம் இடத்தில், ஒரு பன்றிக்குட்டி. அதற்கும் அதே தேதி. அதற்கும் கீழே இருந்த பன்றிக்குட்டிகள் எல்லாம் அதைவிட மெதுவாக ஓடியவை. அத்தனை நாளில் அக்கா ஓட்டியதிலேயே வேகமான ஓட்டம் அன்றைக்கு ஓட்டியதுதான். அவருடைய உயிரைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார். நான் அதையும் தாண்டியிருக்கிறேன். இந்தக் கையால். இந்தக் கட்டைவிரலால்.

கத்தரிக்காய்க் கறை படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"அக்கா, ரெக்கார்டு பாத்தேன்."

"எந்த ரெக்கார்டு?" பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"பனிமல ரோடு. டெஸ்டுக்கு முந்தின நாளு. அன்னிக்கி ஓட்னதுதான் உன்னோட பெஸ்ட்டு."

 எங்கேயோ நகர்ந்து போகிறார் என்று தெரிந்தது. மெஷின் சத்தம் குறைந்தது.

"ஆமா" என்றார்.

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"நானு சொன்னா நம்பியிருப்பியா? பாத்தாதான் நம்புவ. அதான் டப்பாவ உங்க ஊட்ல வெச்சிட்டு வந்தேன். இத்தினி நாளு ஆயிருக்கு உனுக்கு."

மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "நீ மட்டும் அன்னிக்கி சிவப்பு அட்ட போடாம இருந்திருந்தா, நானு இன்னிவரிக்கும் ரெண்டு ஒயர நெனச்சி பயந்துகினே இருந்திருப்பேன். உனக்கு எப்டி நன்றி சொல்றதுன்னு தெரியலக்கா. விட்டுக்குட்தன்னு நெனச்சிட்டேன். அதுக்குத்தான ரெண்டு வாரம் என்னோட மூஞ்சி குட்துப் பேசல?"

"அதுக்கு ஒரு நாளு கோவம்."

"மீதி நாளு?"

"தோத்துட்டேன்ல" என்றார் அக்கா. "சோறே எறங்கல தெரியுமா? பதிமூணு நாளு."

நாற்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை, கம்பெனியே நடுங்குகிற இன்ஸ்பெக்டர், பொம்மை வாத்திடம் தோற்றுப்போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். நான் இந்தப் பக்கம் என்னென்னவோ நினைத்து மருகியிருக்கிறேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மோனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆடிக்கு பெரியபாளையம் வரேன்" என்றார் அக்கா. "டப்பாவ சார்ஜு போட்டு வெய்யி. அந்த ரெக்கார்ட ஒடைக்காம நானு ஊருக்குப் போ மாட்டேன்."

அன்று லைனில் ஒவ்வொரு ஒயரையும் ஒரே தரம்தான் இழுத்தேன். ஆடி வர இன்னும் நாளிருக்கிறது. கழுதை வயசுக்கு நானும் தினமும் அந்த டப்பாவுக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது திருப்பம் இப்போது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். அக்கா வரட்டும். நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.